துப்புத் துலக்க வேண்டியது எதை?

சென்ற வாரம் நமது காரியாலயத்திற்கு வந்த கடிதங்களுள் ஒன்று நம்மை மிகவும் கலங்கச் செய்தது. எழுதியவர் ஒரு தகப்பனார். அவர் பெயரையும் ஊரையும் நாம் வெளியிடப் போவதில்லை. அவருடைய குமாரத்திக்கு இழைக்கப்பட்ட கொடுமையைக் குறித்துச் சில மாதங்களுக்கு முன் நமது பத்திரிகையிலும் நீண்டதொரு செய்தி வந்திருந்தது. "தங்கள் நிருபர் எங்கள் வீட்டு வாசற்கதவின் வர்ணத்தைக்கூட விடாமல் எழுதியிருந்தார். பிராது கொடுப்பதற்காக நான் எத்தனை தடவை போலீஸ் ஸ்டேஷன் படியேறித் திரும்பினேன் என்பதை அவர் கேட்கவுமில்லை, எழுதவுமில்லை" என்கிறார் அவர். கடிதத்தில் வசைமொழி ஒன்றுகூட இல்லை. இருந்திருந்தால் நமக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வது சுலபமாயிருந்திருக்கும்.

பழைய இதழை எடுத்து வாசித்துப் பார்த்தோம். அவர் சொல்வது அவ்வளவும் உண்மை. கதவின் வர்ணம் இருக்கிறது. தெருவின் திருப்பம் இருக்கிறது. அன்று அப்பெண் உடுத்தியிருந்த உடை இருக்கிறது. பிராது என்றைக்கு, எத்தனையாவது முயற்சியில், எந்த உத்தியோகஸ்தரால் பதிவு செய்யப்பட்டது என்பது மட்டும் இல்லை. நிருபரின் மேல் பழியைப் போட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள விரும்பவில்லை. அதை அச்சுக்கு அனுப்பியது நாமே.

குற்றக் கதைகளில் ஜனங்களுக்குள்ள ருசி இன்று நேற்று ஏற்பட்டதன்று. நமது பாட்டன்மார் காலத்தில் கொலைச் சிந்துகள் சந்தைகளிலும் ரயில் வண்டிகளிலும் பாடி விற்கப்பட்டன. எங்கேனும் ஒரு கொலை நடந்துவிட்டால், விசாரணை முடியுமுன்பே மெல்லிய காகிதத்தில் பாட்டாக அச்சேறிச் சொற்ப விலைக்கு ஜனங்கள் கையில் வந்துவிடும். கொலையுண்டவள் பெண்ணாயிருந்தால், அவள் நடத்தையைக் கொண்டே ஊராருக்குப் புத்தி சொல்லும் சிந்துகள் பல. இப்போது சிந்து மறைந்து, கைப்பேசியில் கேட்கும் தொடர்களும் வீட்டுத் திரையில் பல பாகங்களாக ஓடும் படங்களும் வந்திருக்கின்றன. வாத்தியம் மாறியிருக்கிறது, பாட்டு அதிகம் மாறவில்லை. இருட்டுப் பாதை, தனியே சென்ற பெண், பின்னால் நடுங்கும் வயலின் ஓசை, 'யார் அவன்?' என்ற கேள்வி, கடைசியில் கைவிலங்கு, அத்துடன் கதை முடிந்தது.

குற்றத்தைப்பற்றி எழுதவே கூடாது என்று சொல்லும் கட்சியைச் சேர்ந்தவர்களல்லர் நாம். எழுதப்படாத குற்றம் போலீஸ் ஸ்டேஷன் அலமாரியிலேயே செத்துப்போகும் என்பதை நியாயஸ்தலங்களில் சில வருஷம் பழகிய எவரும் அறிவர். பெண்ணின் மானம் போய்விடும் என்று சொல்லிச் செய்தியை அமுக்குகிறவர்களில் அநேகர், உண்மையில் வேறு யாருடைய மானத்தையோ காப்பாற்றப் பார்க்கிறவர்கள். ஆகவே எழுதுவதா, எழுதாதிருப்பதா என்பது கேள்வியன்று. எதை எழுதுவது, யாரைத் தேடுவது என்பதே கேள்வி.

இக்காலத்துக் குற்றக் கதைகளுக்கெல்லாம் மூலபாடம் லண்டன் நகரத்தில் 1888-ம் ஆண்டில் எழுதப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 31 முதல் நவம்பர் 9 வரையிலான பத்து வாரங்களில், நகரத்தின் கீழ்ப்பகுதியில் ஏழை ஸ்திரீகள் ஐவர் கோரமாகக் கொல்லப்பட்டனர். செப்டம்பர் மாதக் கடைசியில் 'ஜாக் தி ரிப்பர்' என்ற கையெழுத்துடன் ஒரு செய்தி ஸ்தாபனத்திற்குக் கடிதம் வந்தது. அது கொலைகாரன் எழுதியதன்று, பத்திரிகைக்காரர் ஒருவரின் கைவேலையே என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து. கொலைகாரன் பிடிபடவில்லை, ஆனால் பத்திரிகை கொடுத்த பெயர் நிலைத்துவிட்டது. அவனைத் தேடி எழுதப்பட்ட புஸ்தகங்களுக்குக் கணக்கில்லை. கொல்லப்பட்ட ஐவரோ, ஐவரும் விபசாரிகள் என்ற ஒரே வார்த்தையில் அடக்கப்பட்டனர். 2019-ம் ஆண்டில்தான் ஹாலி ரூபன்ஹோல்ட் என்ற சரித்திர ஆசிரியை அவ்வைவரின் வாழ்க்கையை மட்டும் எழுதி ஒரு நூல் வெளியிட்டார். ஒருத்தி அச்சுத் தொழிலாளியை மணந்தவள். ஒருத்தி கோச்சு வண்டிக்காரனை மணந்தவள். ஒருத்தி ஸ்வீடன் தேசத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவள். ஐவரில் மூவர் விபசாரம் செய்ததற்குச் சான்றே இல்லையென்று பழைய பதிவேடுகளைக் கொண்டு அவர் வாதிக்கிறார். அந்தப் பதிவேடுகளில் பல, தேடுவோர் கைக்கு எட்டக்கூடிய இடங்களிலேயே இருந்தவை. புரட்டிப் பார்க்க வேண்டுமென்று ஒருவருக்குத் தோன்றுவதற்கு 131 வருஷம் சென்றது.

லண்டனில் குற்றவாளி யாரென்று தெரியவில்லை. எனவே 'யார் அவன்?' என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு சாக்காவது உண்டு. நமது தேசத்தில் ஸ்திரீகளுக்கு நேர்ந்த அநீதிகளில் மிகப் பெரியவற்றுக்கு அந்தச் சாக்கும் கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர், தகப்பன் பெயர், உத்தியோகம், சம்பளப் பட்டியல் எல்லாம் சர்க்கார் தஸ்தாவேஜுகளிலேயே இருக்கின்றன. அங்கே காணாமற்போனது குற்றவாளியன்று, நியாயமே.

மஹாராஷ்டிரத்தில், அக்காலத்தில் சந்திரப்பூர் ஜில்லாவில் அடங்கியிருந்த தேசாய்கஞ்ச் என்ற ஊரின் போலீஸ் ஸ்டேஷனில் 1972-ம் ஆண்டு மார்ச்சு 26-ந் தேதி இரவு நடந்த சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். சட்ட அறிக்கைகளில் இவ்வழக்கு, குற்றம் சாட்டப்பட்ட போலீஸ்காரர் ஒருவரின் பெயரால் வழங்குகிறது. ஸ்திரீகளின் இயக்கம் அதை அப்பெண்ணின் பெயரால் வழங்குகிறது. நாம் இரண்டையும் விட்டு ஊரின் பெயராலேயே குறிப்பிடுவோம்.

அவள் ஆதிவாசிப் பெண், தாய் தகப்பனற்றவள், கூலி வேலை செய்தவள். வயது 14-க்கும் 16-க்கும் இடையே இருக்குமென்று வைத்தியர் மதிப்பிட்டார். ஒருவனை மணக்க விரும்பி வீட்டைவிட்டுச் சென்றதன் பேரில் அவளுடைய சகோதரன் பிராது கொடுக்க, எல்லோரும் ஸ்டேஷனுக்கு வரவழைக்கப்பட்டனர். வாக்குமூலங்கள் எழுதி முடிய இரவு 10½ மணியாயிற்று. மற்றவர்களை வெளியே போகச் சொல்லி அவளை மட்டும் உள்ளே இருக்கச் சொன்னார்கள். கதவு சாத்தப்பட்டது. உறவினர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தனர். வெளியே வந்ததும், ஸ்டேஷனிலிருந்த போலீஸ்காரர்களில் ஒருவர் தன்னைப் பலாத்காரம் செய்தார் என்றும், மற்றொருவர் தகாத முறையில் நடந்துகொண்டார் என்றும் அவள் சொன்னாள். கூட்டம் கூடி ஆத்திரங்கொண்ட பிறகே பிராது எழுதப்பட்டது. வைத்திய பரிசோதனை நடந்தபோது ஏறக்குறைய 20 மணி நேரம் கழிந்திருந்தது.

1974-ம் ஆண்டில் ஸெஷன்ஸ் நீதிபதி இருவரையும் விடுதலை செய்தார். பெண் பொய் சொல்கிறவள், ஏற்கெனவே ஆண் சம்பந்தம் அறிந்தவள், ஆகையால் நடந்தது அவள் சம்மதத்துடன் நடந்ததே என்பது அவர் முடிவு. 1976-ல் பம்பாய் ஹைக்கோர்ட்டின் நாகபுரிக் கிளை இதை மாற்றியது. பயத்தினால் எதிர்க்காமல் கிடப்பது வேறு, இசைவது வேறு. முன்பின் அறியாத போலீஸ்காரர் தம்முடைய ஸ்டேஷனிலேயே வைத்துச் செய்ததற்கு அச்சிறுமி இசைந்தாள் என்று கொள்ள இடமில்லை என்று கூறி, ஒருவருக்கு 5 வருஷமும் மற்றவருக்கு 1 வருஷமும் தண்டனை விதித்தது. 1978 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் அதையும் தள்ளிவிட்டது. உடம்பில் காயமில்லை, ஆகவே எதிர்ப்பு இருந்திருக்காது, பயமுறுத்தியதற்கு ருசுவில்லை என்பது அதன் நியாயம். இருவரும் விடுதலையடைந்தனர்.

சட்டப்படி அவர்கள் நிரபராதிகள். அதை மாற்றிச் சொல்ல நமக்கு அதிகாரமுமில்லை, உத்தேசமுமில்லை. நாம் பேசுவது தீர்ப்பில் எழுதப்பட்டிருக்கும் கதையைப்பற்றி. சட்டக் கல்லூரியில் மாணாக்கராயிருந்த காலத்தில் இத்தீர்ப்பைப் பரீட்சைக்கு வேண்டிய ஒரு குறிப்பாகவே நாம் படித்தோம். பிற்காலத்தில் நிதானமாகப் படித்தபோது ஒன்று புலப்பட்டது. அப்பெண்ணின் பூர்வ சரித்திரம் அதில் இருக்கிறது. அவள் உடம்பு இருக்கிறது. அவள் கூச்சலிட்டாளா, இல்லையா என்ற ஆராய்ச்சி இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷன் என்ற இடத்தின் தன்மைதான் இல்லை. இரவு 10½ மணிக்கு ஒரு சிறுமியை உறவினரிடமிருந்து பிரித்துத் தனியே நிறுத்திக்கொள்ள எந்தச் சட்டம் அனுமதித்தது என்ற கேள்வி இல்லை. அதே 1978-ம் ஆண்டு ஏப்ரலில், ஒரிஸ்ஸாவின் முன்னாள் முதல் மந்திரி நந்தினி சத்பதி அம்மையாரின் வழக்கில், ஒரு ஸ்திரீயை விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு வரச் சொன்னதையே இந்தச் சுப்ரீம் கோர்ட் கண்டித்திருந்தது. முன்னாள் முதல் மந்திரிக்கு உதவிய விதி, ஐந்து மாதங்களுக்குப் பின் கூலிக்காரச் சிறுமியின் வழக்கில் ஞாபகத்திற்கு வரவில்லை.

ஓராண்டு கழித்து, 1979 செப்டம்பரில், உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்ட அறிஞர்கள் இந்தியாவின் பிரதம நீதிபதிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். குற்றத்தைப்பற்றி நமது தேசத்தில் எழுதப்பட்டவற்றுள் அதைச் சிறந்ததென்று கருதுகிறோம். அவர்கள் புதிய சாக்ஷி எவரையும் கண்டுபிடிக்கவில்லை. தேசாய்கஞ்சுக்குப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை. அப்பெண்ணின் படத்தைப் போடவில்லை. அவளை அழ வைக்கவில்லை. நீதிபதிகள் எழுதியதையே கையில் வைத்துக்கொண்டு, அதில் எந்த இடத்தில் எந்தக் கேள்வி கேட்கப்படாமற்போயிற்று என்பதை வரி வரியாகக் காட்டினார்கள். அடங்கிப்போவது வேறு, சம்மதிப்பது வேறு என்று ஹைக்கோர்ட் கண்ட பேதத்தைச் சுப்ரீம் கோர்ட் ஏன் காணவில்லை என்று வினவினார்கள். அவ்வளவே.

அக்கடிதம் பம்பாயிலும் டில்லியிலும் கை மாறிற்று. 1980-ல் ஸ்திரீகள் வீதிக்கு வந்தனர். தீர்ப்பை மறுபரிசீலனை செய்யக் கோரியதால் பயன் விளையவில்லை. அச்சிறுமிக்கு அதனால் ஒன்றும் கிட்டவில்லை. ஆனால் 1983-ல் சட்டம் மாறியது. போலீஸ்காரர் முதலிய அதிகாரிகளின் காவலில் இருக்கும் ஸ்திரீ, தான் சம்மதிக்கவில்லை என்று கோர்ட்டில் சொன்னால், சம்மதமில்லை என்றே கோர்ட் அனுமானிக்க வேண்டுமென்று விதி வந்தது. விசாரணையை மூடிய அறையில் நடத்த வேண்டுமென்பதும், பாதிக்கப்பட்டவள் இன்னாரென்று வெளியிடுவது குற்றம் என்பதும் அந்தச் சட்டத்தில் வந்தவையே. நான்கு பேர் எழுதிய ஒரு கடிதம் இவ்வளவுக்கு வித்திட்டது. பேனாவினால் என்ன ஆகும் என்று நம்மைக் கேட்கும் வாலிப நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மற்றொரு விஷயத்தையும் இங்கே சொல்லாமலிருக்க முடியவில்லை. பலாத்கார வழக்கில், புகார் செய்த பெண் பொதுவாக நடத்தை கெட்டவள் என்று காட்டி அவள் சாட்சியத்தை மறுக்கலாம் என்று 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. வெள்ளைக்காரன் எழுதிவைத்தது. 1947-ல் கொடி மாறிற்று; 1950-ல் அரசியல் சட்டம் வந்தது; இந்தப் பிரிவு மட்டும் அசையாமல் இருந்தது. அது நீக்கப்பட்டது 2002-ம் ஆண்டு டிசம்பர்க் கடைசியில். ஐம்பத்தைந்து வருஷ காலம், நமது சொந்த ராஜ்யத்தில், நமது சொந்த வக்கீல்கள் எழுந்து நின்று நமது பெண்களை அந்தப் பிரிவின் பலத்தில் கேட்ட கேள்விகளை எண்ணிப் பார்க்கவும் கூசுகிறது. பெண்ணின் உடம்பை விரலால் சோதித்து அவள் முன்பே பழகியவளா என்று வைத்தியர் எழுதும் வழக்கத்தைச் சுப்ரீம் கோர்ட் 2013-ல் கண்டித்தது. 2022-ல் மறுபடியும் கண்டித்து, இனி அதைச் செய்கிறவர் நடத்தைக் குற்றம் புரிந்தவராவர் என்று சொல்ல வேண்டியதாயிற்று. முதல் கண்டனம் ஆஸ்பத்திரி வரை போய்ச் சேர ஒன்பது வருஷம் போதவில்லை போலும்.

இவையெல்லாம் வடக்கத்திச் சமாசாரங்கள் என்று தமிழ்நாட்டார் ஆறுதலடைய வழியில்லை. தர்மபுரி ஜில்லாவில், அரூருக்கு அப்பால், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்றொரு ஊர் இருக்கிறது. மலைவாழ் மக்கள் வசிக்கும் ஊர். 1992-ம் ஆண்டு ஜூன் 20-ந் தேதி, கடத்தல் சந்தனக்கட்டையைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு, வன இலாகாவினர் 155 பேர், போலீஸார் 108 பேர், ரெவினியூ இலாகாவினர் 6 பேர், ஆக 269 சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் அவ்வூருக்குள் புகுந்தனர். ஜனங்கள் அடித்து நொறுக்கப்பட்டனர். வீடுகள் சூறையாடப்பட்டன. 18 பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டனர். செய்தவர்கள் செய்துவிட்டு ஓடி ஒளியவில்லை. பாதிக்கப்பட்ட பெண்களைத்தான் கைது செய்து சேலம் ஜெயிலில் அடைத்தார்கள்.

அதிகாரிகள் முதலில் ஒன்றுமே நடக்கவில்லை என்றார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் மார்க்சிஸ்டு கட்சியினரும் விஷயத்தை வெளியே கொண்டுவந்தனர். அக்கட்சியின் தலைவர் நல்லசிவன் கோர்ட்டுக்குப் போனார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் கமிஷனின் அதிகாரியாயிருந்த பாமதி அம்மையார் நேரே சென்று விசாரித்து, ஊரார் சொல்வதில் உண்மையிருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார். அந்தக் கட்சியின் கொள்கைகளில் நமக்கும் நமது நேயர்களில் பலருக்கும் எத்தனையோ அபிப்பிராய பேதங்கள் இருக்கலாம். வாச்சாத்தி விஷயத்தில் அவர்கள் விடாப்பிடியாக நின்றார்கள். நமது தொழிலைச் சேர்ந்தவர்களில் பலர் ஓரிரண்டு நாள் எழுதிவிட்டு வேறு செய்திக்குப் போய்விட்டோம். இதை ஒப்புக்கொள்வதில் நமக்குக் கௌரவக் குறைவில்லை.

1995-ல் சென்னை ஹைக்கோர்ட் ஸி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. 2011 செப்டம்பர் 29-ந் தேதி தர்மபுரி ஸெஷன்ஸ் கோர்ட் தீர்ப்பளித்தது. அதற்குள் எதிரிகளில் 54 பேர் இறந்துபோயிருந்தனர். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகளென்று தீர்மானிக்கப்பட்டனர். பலாத்காரக் குற்றத்திற்காகத் தண்டனையடைந்தவர் 17 பேர். அவர்களில் 12 பேருக்குப் பத்து வருஷம், ஐவருக்கு ஏழு வருஷம். அப்பீல் நடந்தது. ஹைக்கோர்ட் நீதிபதி வேல்முருகன் 2023 மார்ச்சில் தாமே அவ்வூருக்குச் சென்று இடத்தைப் பார்த்தார். அவ்வாண்டு செப்டம்பர் 29-ந் தேதி, கீழ்க்கோர்ட் தீர்ப்பிலிருந்து நாள் தவறாமல் பன்னிரண்டு வருஷம் கழித்து, அப்பீல்கள் யாவற்றையும் தள்ளுபடி செய்தார். ஒவ்வொரு பெண்ணுக்கும் பத்து லக்ஷ ரூபாய் கொடுக்க வேண்டும், அதில் பாதியைப் பலாத்காரக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்றார். அக்காலத்திய கலெக்டர், போலீஸ் சூபரின்டென்டெண்டு, ஜில்லா வன அதிகாரி ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்கும்படி கூறினார். சம்பவம் நடந்து 31 வருஷமாகியிருந்தது. அன்று பள்ளிச் சிறுமியாக இருந்தவள் இன்று பேரன் பேத்தி எடுக்கும் பிராயத்தை எட்டியிருப்பாள்.

குற்றக் கதை எழுதுகிறவர்களும் படம் பிடிக்கிறவர்களும் வாச்சாத்தியைத் தேடி அதிகமாகப் போகாததன் காரணம் என்ன? அங்கே மர்மமில்லை. 'யார் அவன்?' என்ற கேள்விக்கு முதல் நாளே 269 பெயர்கள் விடையாக இருக்கின்றன. முகமூடி இல்லை, காக்கிச் சட்டைதான் இருக்கிறது. ஆனால் வேறொரு மர்மம் இருக்கிறது. பட்டப்பகலில் தொடங்கி ஊரறிய நடந்த குற்றத்திற்கு முதல் தீர்ப்பு வர 19 வருஷம் எங்கே போயிற்று? எந்த மேஜையில், எந்தக் கட்டில், யாருடைய கையெழுத்துக்காக அது காத்திருந்தது? எத்தனை வாய்தா, எதன் பொருட்டு? அதைத் துப்புத் துலக்கி ஒருவன் எழுதுவானானால், எந்த நாவலும் அதற்கு ஈடாகாது.

கைவிலங்குடன் கதை முடிய வேண்டும் என்ற பழக்கம் இன்னொரு பெருங்கேட்டையும் விளைவித்திருக்கிறது. நமது நேயர்களில் அரசியல் தொண்டர்கள் பலர் இருப்பதால் இதை விசேஷமாகச் சொல்லுகிறோம். 2019 நவம்பரில் ஐதராபாத்துக்கு அருகில் ஒரு பெண் வைத்தியர் கொடூரமாகக் கொல்லப்பட்டார். மகளைக் காணோமென்று அன்றிரவு ஓடிய குடும்பத்தாரை, இது எங்கள் எல்லையன்று என்று போலீஸார் அலையவைத்ததாகப் புகார் எழுந்து, மூன்று போலீஸார் தாற்காலிகமாக வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். டிசம்பர் 6-ந் தேதி விடியற்காலையில், காவலிலிருந்த நான்கு எதிரிகளும் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஜனங்கள் போலீஸார் மீது புஷ்பம் தூவினார்கள். பத்திரிகைகளும் ஆரவாரம் செய்தன. பிறகு சுப்ரீம் கோர்ட் நியமித்த ஸிர்புர்க்கர் கமிஷன் விசாரித்து, கொல்லும் நோக்கத்துடனேயே சுட்டார்கள் என்றும், போலீஸ் அதிகாரிகள் பத்துப் பேரைக் கொலைக் குற்றத்திற்கு விசாரிக்க வேண்டுமென்றும், சுடப்பட்ட நால்வரில் மூவர் மைனர்கள் என்றும் அபிப்பிராயம் சொல்லிற்று. 2022-ல் அது வெளிவந்தபோது புஷ்பம் தூவியவர்களின் சப்தத்தையே காணோம். அந்த நால்வர் குற்றவாளிகள்தாமா என்பதை இனி எந்தக் கோர்ட்டும் சொல்லப் போவதில்லை. முதல் இரவில் தகப்பனாரை அலைக்கழித்தது எது என்ற கேள்வியும் அவர்களோடு சேர்த்துப் புதைக்கப்பட்டுவிட்டது. துரித நீதி என்று இதற்குப் பெயர் சூட்டுகிறவர்கள், தேசாய்கஞ்சில் கதவைச் சாத்தினவர்களும் வாச்சாத்திக்குள் புகுந்தவர்களும் எந்த இலாகாவின் உடுப்பை அணிந்திருந்தார்கள் என்பதைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும். துப்பாக்கிக்கு விசாரணையின்றிச் சுடும் உரிமையைக் கொடுத்தால், அது குற்றவாளியை மட்டும் பார்த்துச் சுடும் என்பதற்கு என்ன ஜாமீன்?

பெயரை வெளியிடும் விஷயத்தில் பத்திரிகைகளை மட்டும் கண்டித்துப் பயனில்லை, சர்க்காரே முந்திக்கொள்ளுகிறது. 2019-ல் பொள்ளாச்சிக் கொடுமை வெளிவந்தபோது, புகார் செய்த பெண்ணின் பெயரைப் போலீஸ் சூபரின்டென்டெண்டே நிருபர்களிடம் சொன்னார், வழக்கை ஸி.பி.ஐ.க்கு மாற்றிய சர்க்கார் உத்தரவிலும் அப்பெயர் அச்சாகியிருந்தது. மற்றப் பெண்கள் முன்வர அஞ்சும்படி செய்வதற்கு இதைக் காட்டிலும் நல்ல உபாயம் உண்டா? ஆயினும் அஞ்சாமல் முன்வந்தார்கள்; 2025 மே 13-ந் தேதி கோயமுத்தூர் மகளிர் கோர்ட் எதிரிகள் ஒன்பது பேருக்கும் சாகும் வரை சிறை விதித்தது. அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்புதான், 2024 டிசம்பரில், சென்னை அண்ணா சர்வகலாசாலை மாணவி கொடுத்த புகாரின் முதல் தகவல் அறிக்கை, அவள் விவரங்களுடன் வெளியே கசிந்து கைப்பேசிகளெங்கும் பரவிற்று. சர்க்கார் அம்மாணவிக்கு 25 லக்ஷ ரூபாய் கொடுக்க வேண்டுமென்று ஹைக்கோர்ட் உத்தரவிட்டது. அந்த அறிக்கை எழுதப்பட்டிருந்த பாஷையையும் நீதிபதிகள் கண்டித்தார்கள். இது மிகவும் கவனிக்கத்தக்கது. முதல் தகவல் அறிக்கைதான் முதல் குற்றக் கதை. அதை எழுதுகிற ரைட்டர் பெண்ணின்மீது பழி தொனிக்க ஒரு வார்த்தை போட்டுவிட்டால், அந்த வார்த்தை வைத்தியரின் சர்ட்டிபிகேட்டுக்குப் போகும், அங்கிருந்து வக்கீலின் குறுக்கு விசாரணைக்குப் போகும், தீர்ப்புக்குள்ளும் ஏறிவிடும், கடைசியில் நாம் அதைப் பெரிய எழுத்தில் தலைப்பாகப் போடுவோம்.

நிருபர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். இரவு பத்து மணிக்குள் செய்தியை முடித்துக் கொடுக்க வேண்டிய வாலிபனுக்கு, ஸ்டேஷனில் சொல்வதை எழுதுவதுதான் சுலபம். கோர்ட்டு ரிக்கார்டைப் படிக்க அவனுக்கு நேரமில்லை. பலருக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர்களும் இல்லை. போலீஸாரிடம் நேசமாயிருந்தால்தான் நாளைக்குச் செய்தி கிடைக்கும் என்ற பயமும் இருக்கிறது. இந்த நிலைமையை மாற்ற வேண்டியவர்கள் பத்திராதிபர்கள். எதிர்த்தரப்பாரின் உரிமையையும் மறக்கக்கூடாது. குற்றம் ருசுவாகும் வரையில் எவனும் குற்றவாளியல்லன். அவன் படத்தைப் போட்டுத் தூக்கில் போடு என்று கூவுவதும் பெண்ணின் படத்தைப் போடுவதும் ஒரே குணத்திலிருந்து பிறந்தவை.

ஆகவே இன்று முதல் நமது பத்திரிகையில் பின்வரும் ஏற்பாட்டை அனுஷ்டிக்கத் தீர்மானித்திருக்கிறோம். ஸ்திரீகளுக்கு எதிரான குற்றங்களைப்பற்றிய செய்தியில் பெயர் மட்டுமன்று, தெரு, பள்ளிக்கூடம், உறவினர் தொழில் முதலிய எந்தக் குறிப்பையும் போட மாட்டோம். 2024 ஜூலை முதல் அமலிலிருக்கும் பாரதிய நியாய சம்ஹிதையின் 72-வது பிரிவும் இதையே கட்டளையிடுகிறது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் செய்வதாயிருந்தால் கதவின் வர்ணம் மறுபடியும் வேறு வழியாக உள்ளே நுழைந்துவிடும். பெண்ணின் உடை, நடத்தை, நேரங்கெட்ட வேளை என்பன போன்ற சொற்களை நிருபர் எழுதினாலும் உதவியாசிரியர் அடித்துவிடுவார். அவற்றுக்குப் பதிலாக, பிராது கொடுத்தது என்று, பதிவானது என்று, வைத்திய பரிசோதனை எத்தனை மணி நேரத்தில், குற்றப்பத்திரிகை தாக்கலானது எப்போது என்ற நான்கு விஷயங்கள் ஒவ்வொரு செய்தியிலும் இருக்க வேண்டும். விடை தெரியாவிட்டால், கேட்டோம், உத்தியோகஸ்தர் சொல்லவில்லை என்று எழுத வேண்டும். தீர்ப்பு வரும் வரையில், மாதந்தோறும் முதல் ஞாயிற்றுக்கிழமையன்று, வழக்கின் நம்பரை மட்டும் குறிப்பிட்டு, எத்தனை வாய்தா, யார் கேட்டது, எதற்காக என்ற பட்டியலை வெளியிடுவோம். விற்பனை குறையும் என்று நமது மானேஜர் கவலைப்படுகிறார். குறையலாம்.

கடிதம் எழுதிய தகப்பனாருக்குத் தனியே பதில் அனுப்பி, நமது தவறுக்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறோம். அவர் ஸ்டேஷன் படியேறிய தேதிகளை ஒரு சிறு நோட்டில் குறித்து வைத்திருக்கிறாராம். அதன் நகலை அனுப்புவதாக நேற்றுத் தகவல் வந்தது. அவருடைய பெண்ணின் வழக்கு இதுவரை ஏழு தடவை ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. எட்டாவது வாய்தா அடுத்த மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. அன்று நமது நிருபர் காலை பத்து மணிக்கே கோர்ட்டில் இருப்பார்.